துரை படித்த தமிழும் நான் படித்த பிரெஞ்சும்

எங்கள் வட்டாரத்தில் அந்நிய மொழி ஒன்றை ஒழுங்காகப் பாடம் கேட்டு, பரீட்சை எழுதி, தேறியும் காட்டியவர்கள் யார் என்று பார்த்தால் முதல் இடம் துரைமார்களுக்குத்தான். அவர்கள் படித்த மொழி தமிழ்.

மலாக்காவில், செலண்டாரிலிருந்து நியாலாசுக்கும் பத்தாங் மலாக்காவுக்கும் போகிற சாலைகளில் இரு பக்கமும் கித்தா மரங்கள் நின்ற காலம் அது. சீமையிலிருந்து வந்து இறங்கும் சின்னதுரை நாலு வார்த்தை தமிழ் பேசப் பழகாமல் தோட்டத்தில் காலந்தள்ள முடியாது. அவர்களுக்கென்றே 1915-இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் இலங்கையில் ஒரு பாடநூல் போட்டார். தேயிலை, ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரர்களுக்கான அந்தப் புத்தகத்துக்கு அவர் வைத்த பேரே ‘கூலி டமில்’. செந்தமிழ், கொடுந்தமிழ் என்று இரண்டைத்தான் நம் இலக்கணக்காரர்கள் கண்டார்கள். மூன்றாவது ஒன்று இருந்ததை வெள்ளைக்காரர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

அந்தத் தமிழை என் அப்பா நடித்துக் காட்டுவார். விடியற்காலைப் பெரட்டில் துரை இடுப்பில் கைவைத்து நிற்பது, “ஏன் லேட்டு? போ. வெட்டு. பேசாதே,” என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பது. ‘நீங்கள்’ என்ற சொல் வரும் பாடத்துக்கு முன்பே துரைக்குப் பரீட்சை வந்துவிட்டது போலிருக்கிறது. தாத்தா வயதுக் கங்காணிக்கும் ‘நீ’, ஆயாக் கொட்டகைக் கிழவிக்கும் ‘நீ’. ஆனாலும் அப்பா துரையின் தமிழைக் குறை சொன்னதில்லை. “திட்டும்போது ஒரு பிழை வராது,” என்பார், உண்மையான மரியாதையோடு.

நாங்கள் ஐரோப்பிய மொழி படித்த கதை அதற்கு ரொம்பப் பிந்தியது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், பிறகு புகுமுக வகுப்பு என்ற பேரில் ஒரு வருஷம் மலாய் ஊட்டுவார்கள், அதற்கப்புறம் இடைநிலைப்பள்ளி. இங்கிலீஷை யாரும் ஐரோப்பிய மொழி என்று நினைத்ததில்லை. அது கிராணியின் மொழி, அவ்வளவுதான். தமிழோ ‘பி.ஓ.எல்.’ என்று பள்ளிக்கூடம் விட்ட பிறகு மத்தியான வெயிலில் நடக்கும். தாய்மொழி வகுப்பு வேண்டுமானால் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்க வேண்டும் என்பது சட்டம். 14 பேர் இருக்கும் பள்ளியில் பதினைந்தாவது பிள்ளையைத் தேடி வாத்தியார் சைக்கிளில் லயம் லயமாக அலைவார். அதே நாட்டில், முழு உறைவிடப் பள்ளிகளில் பிரெஞ்சும் ஜப்பானியமும் ஜெர்மனும் யாரும் அலையாமலே பாட அட்டவணையில் வந்து உட்கார்ந்தன. பக்கத்துக் கம்பத்து நண்பனின் அண்ணன் அப்படிப்பட்ட பள்ளி ஒன்றிலிருந்து லீவுக்கு வந்து, ஆற்றங்கரையில் மீன் பிடித்துக்கொண்டே பிரெஞ்சில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக் காட்டினான். மூக்கால் எண்ணலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவுக்குப் போனேன். 1982-இல் பிரதமர் மகாதீர் ‘கிழக்கை நோக்கு’ என்றார். விடுதியில் பாதிப்பேர் ஜப்பானியப் புத்தகத்தோடு திரிந்தார்கள். தொழிற்சாலைகள் வரும், உபகாரச் சம்பளம் வரும், தோக்கியோ போகலாம் என்று பேச்சு. நாடே கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் நான் பிரெஞ்சு எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று பிற்காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். விக்டர் ஹியூகோவை மூலத்தில் படிக்கும் ஆசை என்று ஒரு நேர்முகத் தேர்வில் சொன்னேன். நிஜக் காரணம், மொழிக்கூடத்தில் ஏர்-கோன் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மற்ற வகுப்புகளில் காற்றாடி வெந்நீரைக் கலக்குவதுபோல் சுற்றிக்கொண்டிருக்க, இங்கே கண்ணாடித் தடுப்பு, காதில் பஞ்சு வைத்த ஹெட்போன், குளிர். ஒலிநாடா ஒரு வாக்கியம் சொல்லும், பிறகு கொஞ்ச நேரம் வெறுமையாக ஓடும். அந்த இடைவெளியில் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் பல இடைவெளிகளில் தூங்கியிருக்கிறேன்.

பாடப்புத்தகம் மொஷே என்பவர் எழுதிய நீல அட்டைப் புத்தகம். உலகமெங்கும் ஒரு தலைமுறைக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தது அதுதான். அதில் வின்சென்ட் என்று ஒரு குடும்பம். கனடாவின் மொண்ட்ரியாலிலிருந்து கப்பலேறி பிரான்சைப் பார்க்க வருகிறார்கள். அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். பெட்டிகள் இறங்கும், ஹோட்டல் கிடைக்கும், எல்லாருக்கும் எல்லாம் பிடித்திருக்கும். என் தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான். நாகப்பட்டினத்தில் ராஜுலா ஏறி, டெக்கில் படுத்து, வாந்தியெடுத்து, இறங்கிய இடத்தில் ஒதுக்குமுகாமில் மருந்துத் தண்ணீரில் முங்கி எழுந்து, கங்காணியின் பின்னால் வரிசையாக நடந்து வந்தவர். வின்சென்ட் குடும்பத்தை ஒரு பாடத்திலாவது யாராவது ஒதுக்குமுகாமுக்கு அனுப்புவார்களா என்று கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். அனுப்பவில்லை. அவர்களுக்குச் சுங்க அதிகாரிகூடச் சிரித்த முகந்தான்.

இலக்கணத்தில் மட்டும் எனக்கு யோகம் அடித்தது. ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் வினைச்சொல் வால் மாறுகிறது என்றதும் மலாய், சீன நண்பர்கள் தலையில் கைவைத்தார்கள். அவர்கள் மொழியில் வினை, வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். போகிறேன், போகிறாய், போகிறான் என்று வளர்ந்தவனுக்கு இது பழகின வீடு. மேசைக்கு எதற்குப் பெண்பால் என்பதுதான் புரியவில்லை. உயர்திணை அஃறிணை என்று பிரித்து, உயிரில்லாததற்கு ஆண் பெண் என்ற பேச்சே இல்லாமல் வைத்தவர்கள் நாம். அடுத்த வருஷம் கொஞ்சம் ஜெர்மனும் எட்டிப் பார்த்தேன். அங்கே சிறுமி அஃறிணை என்று வாத்தியார் தயங்கித் தயங்கிச் சொன்னார், வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் லயத்தில் ‘அக்கா வந்துச்சு’, ‘அம்மா சொல்லுச்சு’ என்றுதான் நாள் முழுக்கப் பேச்சு, அதுவும் மரியாதையாக.

வகுப்பில் படித்ததைவிட நூலகத்தில் சுற்றியதில் தெரிந்தது அதிகம். மலாயாவைப் பற்றிப் பிரெஞ்சில் என்ன இருக்கிறது என்று தேடினால் ஆன்றி ஃபோகொன்னியே கிடைத்தார். கொன்யாக் வடிக்கும் வட்டாரத்துக்காரர். 1905-இல் கிள்ளான் பக்கம் வந்து, தோட்டத் தொழிலோடு மலாயும் தமிழும் கற்று, சொந்தத் தோட்டம் போட்டவர். இங்கே வாழ்ந்ததை வைத்து ‘மலேசி’ என்று ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூரை வாங்கினார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். நாவலில் மலாய்ப் பந்துன் பாட்டுகள் மணக்கின்றன. தமிழர்கள் வேலை செய்கிறார்கள். எந்த மொழி எதற்குப் பயன்படும் என்பதில் மனிதர் தெளிவாக இருந்திருக்கிறார்.

அவர் செய்த இன்னொரு காரியத்துக்குப் பரிசு எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை, ஆனால் அதன் பலனை நாங்கள் தினமும் பார்க்கிறோம். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோல சிலாங்கூர் பக்கம் தென்னமாரத்தில் போடப்பட்டது. போட்டவர் இதே ஃபோகொன்னியே. கித்தாவை வெட்டித் தள்ளிவிட்டுச் செலண்டார்வரை செம்பனை வந்ததும், பால்வெட்டு இல்லாமல் போனதும், பிள்ளைகுட்டிகளோடு ஆட்கள் பட்டணத்துக்கு வெளியேறியதும் அவர் நட்டதின் தொடர்ச்சிதான். நாவலாசிரியர்கள் ஊரையே மாற்றிவிடுவார்கள் என்று இலக்கியக் கூட்டங்களில் பேசுகிறார்களே, நான் கண்ட ஒரே உதாரணம் இது.

இன்னொருவர் பியேர் பூல். 1936-இல் மலாயாவுக்கு வந்து ஒரு ரப்பர்க் கம்பெனியில் வேலை பார்த்தவர். போருக்குப் பிறகு 1952-இல் ‘குவாய் ஆற்றுப் பாலம்’ எழுதினார். 1957-இல் படமாகி ஆஸ்கார்களை அள்ளியது. அந்தப் பாலம் இருந்த சயாம் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டுபோன தமிழர்களில் மாண்டவர்கள் பல்லாயிரம். எங்கள் லயத்திலும் ஒரு பாட்டி, புருஷன் சயாமுக்குப் போனவர் வந்துவிடுவார் என்று எண்பது வயதுவரை பொட்டு வைத்திருந்தார். பூலின் கதையோ வெள்ளைக்கார அதிகாரிகளின் மான அவமானம் பற்றியது. ரப்பர்த் தோட்டத்தில் தமிழர்களுக்கு நடுவில் இருந்துவிட்டுப் போனவருக்கு எங்கள் ஆட்கள் ஏன் கண்ணில் படவில்லை என்று விரிவுரையாளரிடம் பிரெஞ்சில் கேட்க நினைத்தேன். இறந்தகாலத்தில் எதிர்மறைக் கேள்வி எப்படி அமைப்பது என்பது அடுத்த பருவத்துப் பாடம்.

லீவுக்கு வீட்டுக்கு வந்தால் செய்தி எனக்கு முன்னால் வந்திருக்கும். அம்மா அக்கம்பக்கத்தைக் கூட்டிவைத்து, “அந்தப் பாஷையில எதாச்சும் சொல்லு, கேப்போம்,” என்பார். வின்சென்ட் குடும்பம் ஹோட்டலுக்குப் போனதைச் சொல்வேன். எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். மண்டோர் மட்டும், “அதுல படிச்சா கவர்மெண்டு எந்த வேலைக்குத் தம்பி எடுப்பான்?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியாத கேள்வியை ஒருவர் இவ்வளவு அன்பாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

செலண்டார்க் கடைத்தெருவில் மளிகைக்கடைத் தவுக்கேதான் அப்போது என் படிப்பை உபயோகப்படுத்த முன்வந்த ஒரே மனிதர். மகள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த ஹென்னஸி போத்தலை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, துடைத்து, என் முன்னால் வைத்தார். பிரெஞ்சுச் சரக்கு, இந்த நாலு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டாராம். வி.எஸ்.ஓ.பி. பார்த்தால் ‘வெரி சுப்பீரியர் ஓல்ட் பேல்’. சுத்தமான இங்கிலீஷ், இங்கிலாந்துச் சந்தைக்காக வைத்த பேர். தவுக்கே என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையில், மகன்களைக் கணக்கு படிக்க அனுப்பியது சரிதான் என்ற நிம்மதி தெரிந்தது.

பட்டம் வாங்கியதும் அரசாங்கம் என்னை ஆசிரியராக எடுத்து, மலாயும் வரலாறும் சொல்லிக்கொடுக்கச் சொன்னது. முப்பது வருஷத்துக்கு மேல் 1511, 1641, 1824 என்று கரும்பலகையில் எழுதினேன். போர்த்துகீசியர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், மலாக்காவை இங்கிலீஷ்காரனுக்குக் கைமாற்றினார்கள். பாடத்துக்கு வெளியே எனக்குப் பிடித்த ஆள் நினா சாத்து. போர்த்துகீசிய ஏடுகள் அப்படித்தான் அவர் பேரை எழுதுகின்றன. மலாக்காவில் இருந்த இந்து வணிகர். சுல்தானின் சிறையில் கிடந்த போர்த்துகீசியருக்கு ஒத்தாசை செய்தார். 1511-இல் அல்புகெர்க்கே ஊரைப் பிடித்ததும் அவரைப் பெண்டகாரா ஆக்கினார். மூன்று வருஷம். 1514-இல் பதவியைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுக்க ஏற்பாடானதும் மனிதர் அவமானம் தாங்காமல் தீமூட்டி இறந்தார். ஐரோப்பியனோடு முந்திப் பழகியவனுக்கு முந்திய பதவி என்று வகுப்பில் சொல்லிவிட்டு, மீதியை அடுத்த நாளைக்கு ஒத்திவைப்பேன். மணி அடித்துவிடும்.

இடையில் ஒருமுறை சென்னை போயிருந்தபோது, உறவுக்காரப் பையன் பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்து 200-க்கு 190-ஐத் தாண்டினான் என்று இனிப்புக் கொடுத்தார்கள். ஆவலாய் அவனிடம் பிரெஞ்சில் சுகம் விசாரித்தேன். பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா, “அங்கிள், அது மார்க்குக்கு எடுத்தது,” என்றார். தமிழில் அவ்வளவு மார்க் போடமாட்டார்களாம். பிறகு 2006-இல் அங்கே தமிழைப் பத்தாவதுவரை கட்டாயமாக்கிச் சட்டம் போட்டார்கள். எங்கள் ஊரிலும் மார்க்குக் கதை உண்டு, தலைகீழாக. 2009 வாக்கில் எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்று வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் வெளியே விழுந்துவிடும் என்று நாடே கொதித்து, பத்தோடு இரண்டு என்று கேட்டு வாங்கினோம். சென்னைப் பையன் தப்பிக்க வழி தேடிய பாடத்துக்காக இங்கே மனு எழுதிக்கொண்டிருந்தோம்.

இப்போது என் அண்ணன் பேத்தி ஜெர்மன் படிக்கிறாள். அண்ணன் வீடு செலண்டார்ப் பட்டணத்தில்தான். மாடி அறையில் ஏர்-கோன் இருக்கிறது, ஆகவே என்னுடைய காரணம் அவளுக்குச் செல்லாது. அவளிடம் காரணங்கள் கோப்பு கோப்பாக உள்ளன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை. அதற்குப் பதில், விசாவுக்கு முன் ஒரு வருஷச் செலவுப் பணத்தை முடக்குக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ. ஐம்பதாயிரம் வெள்ளிக்கு மேல். “இலவசம்னா இவ்ளோ ஆகும்னு தெரியாம போச்சு,” என்று அண்ணன் மகன் காரை விற்பது பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறான்.

அவள் படிப்பதே வேறு மாதிரி. ஏ1, ஏ2, பி1 என்று படிகள். ஏ1-இல் பேர் சொல்வது, ஏ2-இல் வீடு வாடகைக்குக் கேட்பது, பி1-இல் குழாய் ஒழுகுவதைப் புகார் செய்வது. ஒருநாள் எனக்காக ஜெர்மனில் குழாய் ஒழுகுகிறது என்று மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினாள். பணிவாக, கொஞ்சம் கோபமாக, வக்கீலை அழைப்பேன் என்பதாக. எங்கள் மொஷே புத்தகத்தில் எதுவுமே ஒழுகியதில்லை. கோயத்தே படிப்பீர்களா என்று கேட்டேன். “தாத்தா, அது சி1-க்கு மேல. எனக்கு பி2 போதும்,” என்றாள். எவ்வளவு மொழி வேண்டும் என்பதை அரிசி வாங்குகிறாற்போல் அளந்து சொல்லும் இந்தப் பிள்ளைகளைக் கண்டு எனக்குப் பொறாமை உண்டு. கூடவே, எதற்கும் உதவாத ஒன்றைக் குளிருக்காக மட்டும் படிக்க ஒரு தோட்டத்துப் பையனுக்கு நாலு வருஷம் கிடைத்ததே, அந்தச் சொகுசு இவளுக்கு வாய்க்காது என்றும் தோன்றுகிறது. துரை தமிழ் படித்தது வேலை வாங்க. இவள் ஜெர்மன் படிப்பது வேலை செய்ய. நடுவில் நான் ஒருத்தன் சும்மா படித்தேன்.

கைப்பேசியில் பச்சை ஆந்தை ஒன்று பாடம் நடத்துகிறது. அதையும் பார்த்தேன். ‘ஸ்டார் டிரெக்’ படத்து வேற்றுக்கிரகவாசிகளின் கிளிங்கோன் மொழிக்குக்கூட அதில் பாடம் இருக்கிறது. தமிழைத் தேடினேன், அகப்படவில்லை. பதினைந்து பேர் சேரவில்லை போலும். பேத்தி வற்புறுத்தி என்னைப் பிரெஞ்சுக்குத் தகுதித்தேர்வு எழுத வைத்தாள். கப்பல், பெட்டி, சுங்கச்சாவடி பற்றி அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதல் பாடத்திலிருந்து தொடங்குங்கள் என்றது.

போன மாதம் அவளோடு திண்ணையில் இன்னொரு மாணவரும் சேர்ந்துகொண்டார். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வங்காளதேசத்து இளைஞர். ஞாயிற்றுக்கிழமை அவர் என்னிடம் வந்ததற்குக் காரணம், “வாத்தியார் யூனிவர்சிட்டியில் ஐரோப்பிய பாஷை படிச்சவர்” என்று கடையில் யாரோ சொன்னதுதான். நாற்பது வருஷத்தில் அந்தத் தகுதிக்காக என்னைத் தேடி வந்த இரண்டாவது ஆள். போர்த்துகல் போகவேண்டுமாம். ஒன்றுவிட்ட அண்ணன் லிஸ்பனில் இருக்கிறான். தெற்கே அலெந்தேஜோ பக்கம் ஆலிவும் பழங்களும் பறிக்க ஆசியாவிலிருந்து ஆட்களை எடுக்கிறார்கள். ஏஜெண்டு ஒருவன் போர்த்துகீசியம் சொல்லித் தருகிறேன் என்று இரண்டாயிரம் வெள்ளி கேட்கிறான், கொடுக்கலாமா?

மலாக்காவில் உட்கார்ந்துகொண்டு போர்த்துகீசியம் கற்க ஏஜெண்டுக்குப் பணமா என்று எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. ஊஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பு, கிறிஸ்தாங் பேசும் கிழவர்கள், 1511, நினா சாத்து என்று தொடங்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பேத்தி அதற்குள் அவர் கைப்பேசியை வாங்கி ஆந்தையை இறக்கி, போர்த்துகீசியத்தைத் தட்டி, இது பிரேசில் உச்சரிப்பு, லிஸ்பன்காரர்கள் பேசுவதைக் கேட்க வேறு காணொளி இருக்கிறது என்று அதையும் சேமித்துக் கொடுத்துவிட்டாள். ஏஜெண்டுக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள் என்று மலாயில் மிரட்டினாள். இருவரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு முதல் பாடத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். நடுவில் நான் ஒரு மூக்கொலியைத் திருத்தப் போனேன்.

“தாத்தா, அது பிரெஞ்சு,” என்றாள். “நீங்க ரெண்டு தே தாரே போடுங்க. அண்ணனுக்குச் சீனி கம்மி.”